பாங்காக்கில் ஒரு நாள் மிச்சமிருந்தால்: அயுத்தயாவா, அம்பாவாவா, காஞ்சனபுரியா?

ஊரிலிருந்து யார் பாங்காக்குக்கு வந்தாலும் அரண்மனை, படித்துறை, கடைத்தெரு எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காம் நாள் இரவு சாப்பிடும்போது அந்தக் கேள்வி வரும்: "நாளைக்கு ஒரு நாள் சும்மாதானே இருக்கு, வெளியூர் எங்கயாவது போய்ட்டு வரலாமா?" ஒன்பது வருடமாக இங்கே குடியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் முதலில் சொன்ன பதில்கள் எல்லாம் தப்பு. இப்போது சொல்லும் பதில் ஆளுக்கு ஆள், கிழமைக்குக் கிழமை மாறும். அதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

முதல் வருடம் அக்கா குடும்பம் வந்தபோது ஒரு பயண நிறுவனத்தில் பணம் கட்டினோம். ரயில் சந்தை, மிதக்கும் சந்தை, அயுத்தயா மூன்றும் ஒரே நாளில் என்று அட்டையில் போட்டிருந்தது. வரைபடத்தைப் பார்த்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். சந்தைகள் இரண்டும் பாங்காக்குக்குத் தென்மேற்கே இருக்கின்றன, அயுத்தயா நேர் வடக்கே. காலை ஆறரைக்கு வேனில் ஏறி இரவு ஏழரைக்கு இறங்கினோம். அயுத்தயாவில் எங்களுக்குக் கிடைத்தது உச்சி வெயிலில் நாற்பது நிமிடம். நடுவில் ரத்தினக் கல் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அக்கா அன்று ராத்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லா எடத்துலயும் வண்டிய விட்டு எறங்கினது மட்டுந்தான்டா ஞாபகம் இருக்கு."

அன்றிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு ஊர்தான். எந்த ஊர் என்பதை ஊரின் பெருமையை வைத்து நான் முடிவு செய்வதில்லை. எப்படி வெளியே போகிறோம், எப்படித் திரும்பி வருகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பாங்காக்கின் சாலைகள் காலை ஏழு மணிக்கு மேல் இறுகத் தொடங்கும், மாலை நாலரைக்கு மறுபடி இறுகும். வெள்ளிக்கிழமை மாலையில் மழையும் சேர்ந்துகொண்டால் நகருக்குள் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். ரயிலுக்கும் படகுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. ரயில் தாமதமாகலாம், ஆனாலும் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வரலாம்.

முதல் முறை வருகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது அயுத்தயா. சுமார் 80 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். நூறாண்டு கடந்த ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து சாதாரண வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. நெடுந்தூர வண்டிகளில் பெரும்பாலானவை 2023 ஜனவரியில் பாங் சூவிலுள்ள புதிய பெரிய நிலையத்துக்குப் போய்விட்டன. ஆகவே எந்த வண்டி, எந்த நிலையம் என்பதை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். மூன்றாம் வகுப்புக் கட்டணம் இருபது பாட் (தாய்லாந்து நாணயம்) அளவில்தான் இருக்கும். குளிர்சாதனம் இல்லை, மின்விசிறி உண்டு. திறந்த ஜன்னல் வழியே நெல்வயல் தெரியத் தொடங்கியதும், வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதையே நம்மவர்கள் மறந்துவிடுவார்கள்.

சாவோ பிரயா, பாசக், லொப்புரி என மூன்று ஆறுகள் சுற்றி ஓட, நடுவில் தீவாக நிற்கிற ஊர் இது. ரயில் நிலையம் பாசக் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறது. நேரே நடந்தால் படித்துறை, சில்லறைக் காசுக்குச் சிறு படகு, அக்கரையில் வாடகை சைக்கிள். பெயர் நம் அயோத்தியிலிருந்து வந்தது. நகரை 1351-இல் நிறுவிய மன்னருக்கு ராமாதிபோதி என்றே பட்டம். நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்து, 1767-இல் பர்மியப் படையிடம் விழுந்து எரிந்தது. பிறகு தோன்புரி, 1782-இல் பாங்காக் என்று தலைநகரம் ஆற்றோடு கீழே இறங்கியது. இடிந்த அயுத்தயாவின் செங்கற்கள் படகேறி வந்து பாங்காக்கின் மதில்களாயின. ஆகவே பாங்காக்கை மூன்று நாள் பார்த்த பிறகு அயுத்தயாவைப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஹம்பி பார்த்தவர்களுக்கு இந்த ஊர் உடனே பிடிபட்டுவிடும். தலையில்லாத புத்தர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வாட் மஹாதாட் கோயிலின் பிராகாரத்தில் எங்கள் சித்தப்பா பேச்சையே நிறுத்திவிட்டார்.

அங்கேதான் அரசமர வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் புத்தரின் தலை இருக்கிறது. எல்லாப் படங்களிலும் வருவதுதான். நேரில் போனால் ஒன்று கவனியுங்கள்: அந்தத் தலை தரையை ஒட்டி, நம் முழங்கால் உயரத்துக்குள் இருக்கிறது. படமெடுப்பவர்கள் கீழே உட்கார வேண்டும், நம் தலை புத்தரின் தலைக்கு மேலே போகக் கூடாது என்று காவலர் கையைக் காட்டிச் சொல்வார். மண்டியிட்டுக் கிட்டே பார்த்தால் வேரின் ஒரு விரல் கன்னத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். கண்ணிமைகள் சாந்தமாக மூடியிருக்கும். குழந்தைகளை அழைத்துப் போனால் அங்கே ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள்.

மாலைக்கு வாட் சாய்வத்தனாராம். ஆற்றின் மேற்குக் கரையில் 1630-இல் கம்போடியாவின் கெமர் பாணியில் எழுப்பிய கோயில். சூரியன் அதன் பின்னால் இறங்கும். தீவுக்கு வெளியே இருப்பதால் சைக்கிளில் போக மூச்சு வாங்கும். தவளை மூக்கு வைத்த அயுத்தயா டுக்டுக் ஆட்டோவை மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசிக்கொள்வது நல்லது. தீவுக்குள்ளேயே மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் ரொட்டி சாய்மாய் விற்பார்கள். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் கைவேலை அது. பச்சை நிற மெல்லிய ரொட்டிக்குள் நூல் நூலாக இழுத்த சர்க்கரையை வைத்துச் சுருட்டித் தின்பது. சோன்பப்டியின் இழையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்னும் நீளம், இன்னும் மெல்லியது.

அயுத்தயாவின் குறை வெயில். நிழல் அநேகமாக இல்லை, செங்கல் தரை சூட்டைக் கக்கும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் அறுபதைக் கடந்தவர்களை அங்கே அழைத்துப் போகவே கூடாது என்பது என் கருத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் படிகள் சிரமம்.

வயதானவர்களோடு, வாரக் கடைசியில் என்றால் அம்பாவாவும் மேக்லோங்கும். இரண்டும் சமுட் சோங்க்ராம் மாகாணத்தில், ஒன்றுக்கொன்று ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஒரே நாளில் சேர்க்கலாம். ஆனால் கிழமை முக்கியம். அம்பாவா மிதக்கும் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் மதியத்துக்கு மேல் களைகட்டும். செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய பலகைக் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வார நாளில் போயே தீருவோம் என்பவர்களை முகவர்கள் டாம்னுன் சடுவாக் சந்தைக்கு அனுப்புவார்கள். அது தினமும் காலையில் நடக்கும். அங்கே விற்கிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் அதிகம், விலையும் அவர்களுக்கான விலை. நான் பரிந்துரைப்பதில்லை.

மேக்லோங் ரயில் சந்தையை எல்லாரும் கைபேசியில் பார்த்திருப்பார்கள். தண்டவாளத்தின் மேலேயே காய்கறி, மீன், கருவாட்டுக் கடைகள். தாய்லாந்து மொழியில் அதற்குக் குடை மடக்கும் சந்தை என்று பொருள்படும் பெயர். நாளுக்கு நான்கு வண்டி வரும், நான்கு வண்டி போகும். வண்டி வரும்போது கடை விரிப்புகள் சரசரவென்று மடங்கும். எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். உயரம் குறைந்த கூடைகளை அவர்கள் நகர்த்துவதே இல்லை. கத்தரிக்காய்க் கூடைக்கும் ரயிலின் அடிப்பகுதிக்கும் நடுவில் நாலு விரற்கடை இடம் விட்டு வண்டி கடந்து போகும். கடைக்கார அம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். சந்தை தொடர்ந்து வாழ வேண்டுமென்றால் நாம் வழியை அடைத்துக்கொண்டு படமெடுக்காமல், கொஞ்சம் பழமாவது வாங்க வேண்டும்.

அங்கே போவதற்கு வேனைவிட அருமையான வழி ஒன்று இருக்கிறது. பாங்காக்கின் வோங்வியன் யாய் நிலையத்திலிருந்து மகாசாய் வரை ஒரு மணி நேர ரயில், மகாசாயில் மீன் சந்தையைத் தாண்டி நடந்து தாசீன் ஆற்றைப் படகில் கடக்க வேண்டும், மறுகரையில் பான் லேம் நிலையத்தில் இன்னொரு ரயில், இன்னொரு ஒரு மணி நேரம். அந்த இரண்டாவது ரயில்தான் சந்தைக்கு நடுவே நுழைகிறது. கடைக்காரர்கள் குடை மடக்குவதை ரயிலுக்குள்ளிருந்து பார்க்கலாம். வழியில் உப்பளங்கள் வரும், தூத்துக்குடிக்காரர்களுக்குக் கண் கலங்கும் அளவுக்கு ஊர் ஞாபகம் வரும். பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பான் லேமில் கிளம்பும் வண்டியைப் பிடிக்க வோங்வியன் யாயில் எட்டரை வாக்கில் ஏற வேண்டும். நேரம் மாறக்கூடும், போகுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி படுக்கையோடும் கைக்குழந்தையோடும் இது வேண்டாம். நடக்கக்கூடிய பெரியவர்களுக்கு இது ஒரு திருவிழா.

அம்பாவாவில் கால்வாயோரம் உட்காருவதுதான் வேலை. மரவீடுகளின் படிக்கட்டில் உட்கார்ந்தால் படகிலிருந்தே சுட்ட இறாலும் கணவாயும் நீட்டுவார்கள். சைவர்களுக்கு இங்கே சிரமம்தான், எதிலும் மீன் சாறு விழுந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' (சைவம்) என்று எழுதிய கடை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் காலையில் கட்டிய புளியோதரைதான். சுற்றுவட்டாரத் தோப்புகளில் தென்னம்பாளையைச் சீவிப் பதநீர் இறக்கி, பெரிய இரும்புச் சட்டியில் காய்ச்சிச் சர்க்கரை ஆக்குகிறார்கள். என் மாமியார் அந்தச் சட்டியின் அருகே அரை மணி நேரம் நின்றுவிட்டார். பாஷை தெரியாமலேயே, பாகு எப்போது இறக்க வேண்டும் என்று கரண்டியைத் தூக்கிக் காட்டி அந்தத் தாய்லாந்து அம்மாளும் இவரும் பேசிக்கொண்டார்கள்.

இருட்டிய பிறகு படகில் மின்மினி பார்க்கலாம். கரையோர லாம்பு மரங்களில் அவை விட்டு விட்டு ஒளிரும். ஆனால் மின்மினி வேண்டுமென்றால் திரும்புவதற்குச் சொந்த ஏற்பாடு வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேனை நம்ப முடியாது. ஓட்டுநரோடு கார் ஒரு நாளுக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் பாட் வரை எனக்கு ஆகியிருக்கிறது. நான்கு பேர் பங்கிட்டால் பரவாயில்லை.

விடியற்காலை எழுந்திருக்க மனமில்லை, பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும், அவ்வளவுதான் என்றால் பாங் கராச்சாவ் போதும். சாவோ பிரயா வளைந்து வளைந்து சூழ்ந்திருக்கும் பசுமைத் திட்டு. குளோங் தோய் படித்துறையில் படகேறினால் சில நிமிடத்தில் அக்கரை. வாடகை சைக்கிளில் நிப்பா பனைகளுக்கு நடுவே உயர்த்திக் கட்டிய சிமெண்ட் பாதையில் போகலாம். பல இடங்களில் கைப்பிடி இல்லை, சின்னப் பிள்ளைகளைத் தனியே ஓட்ட விடாதீர்கள். அரை நாளில் முடிந்துவிடும். சனி, ஞாயிறுகளில் உள்ளேயே ஒரு சிறு சந்தையும் உண்டு.

பட்டாயாவை ஒரு நாள் பயணமாக நான் கணக்கில் எடுப்பதில்லை. 150 கிலோமீட்டர் போய், படகேறித் தீவுக்குப் போய், அதே நாளில் திரும்பினால் கடலில் கால் நனைக்க இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். காவ் யாய் வனமும் அப்படித்தான், யானை பார்க்க வேண்டுமென்றால் அங்கே இரவு தங்க வேண்டும்.

காஞ்சனபுரியை இந்த வரிசையில் வைத்து எடை போட என்னால் முடியவில்லை. தூரம் சுமார் 130 கிலோமீட்டர், அயுத்தயா, அம்பாவா இரண்டையும்விட அதிகம். பயண முகவர்கள் குவாய் ஆற்றுப் பாலம், ஏராவான் அருவி, குகை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டித் தருவார்கள். ஏராவான் என்பது நம் ஐராவதம்தான். ஏழு அடுக்கு அருவி, மிக அழகு. ஆனால் அது காஞ்சனபுரி நகரிலிருந்தே இன்னும் 65 கிலோமீட்டர். அருவியா, ரயில்பாதையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழர்கள் என்னிடம் கேட்டால் ரயில்பாதை என்றுதான் சொல்வேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் சொல்வது இதைத்தான். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அவர்களைப் போல் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலரா, மலேரியா, பசி, அடி. படம் பார்த்து இந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தை அறிந்தவர்கள் உண்டு. 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற அந்த ஆங்கிலப் படம் இங்கே எடுக்கப்படவில்லை, இலங்கையில் கித்துள்கலவில் எடுக்கப்பட்டது. தோட்டத் தமிழர்களின் கதை அதில் இல்லை.

நண்பர் ஒருவரின் அம்மா மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்தார், எழுபது வயது. அவருக்கு அயுத்தயாவும் வேண்டாம், சந்தையும் வேண்டாம். "எங்க பெரியப்பாவ சயாமுக்குக் கொண்டு போய்ட்டாங்கன்னு பாட்டி சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க தம்பி. அந்த எடத்த ஒரு தடவ பாக்கணும்" என்றார். பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் காலை எட்டு மணிக்குச் சற்று முன் கிளம்பும் வண்டியில் போனோம். வெளிநாட்டவருக்கு இந்தப் பாதையில் நூறு பாட் கட்டணம். பத்தரை மணி வாக்கில் காஞ்சனபுரி.

இங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது. அதே வண்டியில் உட்கார்ந்தபடி பாலத்தைக் கடந்து, மலையை ஒட்டிக் கட்டிய மரத்தூண் பாதையைப் பார்த்துக்கொண்டே கடைசி நிலையமான 'நாம் தோக்' வரை போய், சற்று நேரத்தில் அதே வண்டியில் திரும்பிவிடலாம். காட்சி அற்புதம், ஆனால் ஊருக்குள் கால் வைக்க முடியாது. அல்லது காஞ்சனபுரியிலேயே இறங்கினால் பிற்பகல் வண்டி வரும்வரை நான்கு மணி நேரம் கிடைக்கும். நாங்கள் இறங்கிவிட்டோம். பாறையை உளியால் வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய் வடமேற்கே 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கு ஓர் இரவு தங்க வேண்டும்.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். ஏழாயிரத்தை ஒட்டிய கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. புல் ஒரு மட்டமாக வெட்டியிருக்கும். எதிரே இருக்கும் ரயில்பாதை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வருவது நல்லது. அம்மா வரிசை வரிசையாக நடந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுல நம்ம ஆளுங்க பேரு இல்லையே" என்றார். இல்லை. தோட்டத் தொழிலாளிகளுக்குத் தனிக் கல்லறை கிடையாது. பக்கத்திலேயே வியட்நாம் பாணியில் அமைந்த வாட் தாவர்ன் வராராம் கோயில் இருக்கிறது. கண்டெடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கேதான் 2023-இல் தமிழர்களுக்காக நடுகல் நட்டார்கள். அம்மா பையிலிருந்து சிறு பொட்டலத்தை எடுத்து, கற்பூரம் ஏற்றினார்.

பாலம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவில் வளைவில்லாமல் கோண வடிவில் நிற்கும் இரண்டு பகுதிகள் 1945 குண்டு வீச்சுக்குப் பிறகு மாற்றியவை. கூட்டம் எல்லாம் அங்கேதான். ஆனால் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஜப்பானிய ராணுவமே 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. அநேகமாக யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பல மொழிகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று தமிழ். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் புடவைத் தலைப்பால் பலகையின் தூசியைத் துடைத்தார், முதலில் ஓரங்களை, பிறகு எழுத்துகளின் பள்ளங்களை.

திரும்பும் வண்டி காஞ்சனபுரியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன். அரை மணி தாமதமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோன்புரியில் இறங்கும்போது ஆறு மணியை நெருங்கியிருக்கும், அந்த நேரத்தில் டாக்ஸி தேட வேண்டாம். சிரிராஜ் மருத்துவமனையைச் சுற்றிக்கொண்டு வாங் லாங் படித்துறைக்கு நடந்தால் ஆற்றைக் கடக்கப் படகு இருக்கிறது. அன்று படகில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அக்கரையில் இறங்கியதும், "அடுத்த வருசம் எங்க சின்னத் தங்கச்சியையும் கூட்டிட்டு வரணும்" என்றார்.